வெற்றிலை மாற்றிய நிலம்

வல்லத்தில் எங்களுக்கிருந்த நிலத்தை ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு விற்றோம். முதலில் விற்றவர் என் அப்பா, நைனா. இரண்டாவதாக விற்ற புண்ணியவான் நான்.

நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த விவசாயியோடு நைனா வெற்றிலை பாக்கு மாற்றி, "இனிமே இது உன்னுது" என்று சொல்லிவிட்டார். மணிலாக் கடலை அறுவடையானதும் பணம் என்று பேச்சு. எழுத்து எதுவும் கிடையாது. பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அவரும் அதை நம்பி விதைத்துவிட்டார்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் பத்திரம் எழுதுபவரிடம் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். முத்திரைத்தாளில் ஏறாதது உலகத்திலேயே இல்லை என்கிற திமிர். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் முடிவானது. அறுவடைவரை காத்திருக்க முடியாது. கடைத்தெரு மளிகைக்காரர் முழுப் பணமும் உடனே தருவதாகச் சொன்னார். நைனா ஏற்கெனவே தன் சார்பில் விற்க எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரம் பதிந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

மளிகைக்காரர் நிலத்தை அளக்கப் போனபோது விவசாயி இறங்க விடவில்லை. ஊரே அவர் பக்கம் நின்றது. விஷயம் கோர்ட்டுக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும். கடைசியில் வல்லத்துக் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. நைனா என்ன சொல்கிறாரோ அதற்குக் கட்டுப்படுவதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"இவனுக்கு வாக்கு குடுத்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுப்பா" என்றார் ஊர்ப் பெரியவர்.

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குடுக்கல" என்றார்.

நைனாவைக் கற்பூரம் ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லலாமா என்று பெரியவர் விவசாயியைக் கேட்டார். அப்படிச் சத்தியம் கேட்க விவசாயிக்கு உரிமை இருந்தது. அவர் நைனாவைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்து மறுத்தார்.

"வேணாங்க. அண்ணன் அதெல்லாம் செய்ய வேணாம். நான்தான் தப்பா நெனச்சிக்கிட்டேன் போலக்குது."

விதைத்த மணிலாவை மட்டும் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. மளிகைக்காரர் திருப்தியோடு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நல்லவேள நைனா, கற்பூரம் ஏத்தல" என்றேன்.

"ஏத்தியிருந்தா அணைச்சிருப்பேன்டா" என்றார்.

எனக்கு அழவும் வெட்கமாக இருந்தது. தங்கை கல்யாணம் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிகிறவரை நைனா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.