நேர்வாசல் வீடு

என் கணவர் ஆயுசு முழுக்க மதுரையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு காலம் தள்ள அவர் தேர்ந்தெடுத்த இடம் கடற்கரை. ஆணி, கீல், பூட்டு, கேட்டு என்று எதை வைத்தாலும் அடுத்த மழைக்குள் துருப்பிடித்து உதிர்கிற இடம். இதைச் சுட்டிக்காட்டியபோது அவர், "இனிமே இரும்போட நமக்கென்ன பேச்சு?" என்றார். ஏதோ இரும்பு அவரிடம் தப்பாக நடந்துகொண்ட மாதிரி.

சின்ன வயசில் ஆடி அமாவாசைக்குத் தொண்டிப் பக்கம் கடலாடப் போனபோது பிடித்த பைத்தியம் இது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலைத் திறந்தால் கடல் தெரியணும், அதைப் பார்த்தபடி சாப்பிடணும், அவ்வளவுதான் ஆசை. எல்லாரும் இப்படி ஏதாவது சொல்வார்கள்தானே என்று நானும் "உம்" கொட்டி வைத்தேன். உம் கொட்டுவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பது, தொண்டிக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊரில் அவர் மனை முடித்துவிட்டு இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

அப்போது நாங்கள் மதுரைக் கடையை மூடிவிட்டுக் காரைக்குடியில், பங்காளிகளோடு பொதுவான பெரிய வீட்டில், எங்கள் பங்குக்கு வந்த அறைகளில் இருந்தோம். செய்தி கேட்டதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தேவகோட்டையிலிருந்து நாத்தனார் போன் போட்டார். என் கணவருக்கு மூத்தவர். அவர் வாயிலிருந்து வருவதுதான் எங்கள் குடும்பத்தில் தீர்ப்பு. "கடல்ல என்னடா இருக்கு தம்பி? உப்பு. அதை ஒரு பாக்கெட்டு வாங்கி வச்சுக்கிட்டு வீட்டோட கெடக்க வேண்டியதுதானே?" என்றார். நான் முதல்தடவையாக நாத்தனார் கட்சியில் சேர்ந்தேன்.

அவர் கேட்கவில்லை, மனையில் வீட்டையும் கட்டி முடித்தார். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். ஒரு வருஷம் இருந்து பார்ப்பது. அடுத்த தையில் நான் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பிவிடுவது. பிள்ளைகளை வீடியோ காலில் வைத்துக்கொண்டு அவர் வாக்குக் கொடுத்தார். என் பங்குக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் சாமான் வந்தால்தான் நான் வருவேன்.

சாமான் என்றால் கல்யாணத்தில் எனக்குச் சீராக வந்த பாத்திரங்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சாமான் வைப்பதென்றால் ஒரு குடித்தனத்துக்கு வைப்பதில்லை, ஒரு ஊருக்கே வைப்பார்கள். உருளி, அண்டா, தாம்பாளம், கும்பா, கிண்ணம், செம்பு, தூக்கு, டம்ளர் எல்லாம் அடுக்கடுக்காக. ஒவ்வொன்றிலும் என் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். கல்யாணத்தன்று பரப்பி வைத்து ஊரே பார்த்தது. அதன் பிறகு எடுத்து அறையில் பூட்டினது பூட்டினதுதான். புழங்கினால் தேயும், இரவல் கொடுத்தால் நசுங்கும். என் ஓர்ப்படியாள் ஒருதடவை அவசரத்துக்கு ஒரு கிண்ணம் கேட்டதற்கு, கடையில் புதுசே வாங்கிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட சாமானைப் பங்காளிகள் நடுவில் விட்டுவிட்டு வர முடியுமா?

"நாம என்ன ஓட்டலா வைக்கப் போறோம்?" என்று இவர் குதித்தார். கடைசியில் எங்கள் உடுப்பும் கட்டிலும் ஒரு குட்டி யானை வண்டியில் போயின. சாமான் தனி லாரியில் போனது. கடலைப் பார்த்து உட்காருவதற்கென்று அவர் கட்டியிருந்த அறையில்தான் அது ஏறி உட்கார்ந்தது. வேறு எதிலும் கொள்ளவில்லை. சாவி என் இடுப்பில்.

இப்போது அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிய வேண்டும். எத்தனை கட்டு இருந்தாலும் எல்லா வாசல் நிலையும் ஒரே கோட்டில். காரைக்குடி வெயிலுக்கு அது அருமையான ஏற்பாடு, எங்கேயோ போகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் கூப்பிட்டு உள்ளே விடும். இவர் கடற்கரையிலும் அதேபோலக் கட்டினார். கடலுக்கு நேரே முன்வாசல், அதற்கு நேரே கூடம், அதற்கு நேரே அடுப்படி நடை, அதற்கு நேரே தெருப்பக்கம் பின்வாசல். நூல் பிடித்த மாதிரி. காற்றைக் கூப்பிடுவதற்காக வைத்த வழியை, காற்று ஏற்கெனவே கும்பலாக வந்து நிற்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களில் யாரும் யோசிக்கவில்லை.

குடிவந்த மறுநாள் அவர் முன்வாசலில் நாற்காலி போட்டு, கடலைப் பார்த்தபடி பேப்பரைப் பிரித்தார். அடுத்த நிமிஷம் முதல் பக்கம் அடுப்படியில் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே விளையாட்டுச் செய்திகள். பின்னாலேயே இவர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பொரித்த அப்பளம் வாணலியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் பின்வாசலைத் தாண்டும். மருந்துச் சீட்டு, கேஸ் பில், கழுத்திலிருந்து நழுவிய துண்டு, கோயில் விபூதிப் பொட்டலம், எல்லாம் அதே வழி. பின்வாசலுக்கு எதிரே தெருவைத் தாண்டி ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், மனைவி கருவாடு விற்கிறவள். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியதெல்லாம் அவள் வேலியில்தான் போய்ச் சேரும். சாயங்காலம் ஒரு கூடையில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வருவாள்.

"ஆச்சி, ஒங்க வீட்டுச் சாமானெல்லாம் வந்துருச்சு. இன்னைக்கு அப்பளம் நாலு. ரெண்டை எங்க கோழி தின்னுருச்சு, கோவிச்சுக்காதீக."

காரைக்குடியில் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டுக்கு, இவளுக்கு எங்கள் வீட்டு மருந்து மாத்திரை வரை மனப்பாடம். "ஐயாவுக்கு சர்க்கரை மாத்திரையை மாத்திட்டாக போல" என்று விசாரிப்பாள். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு அவள் வரும் நேரத்துக்குக் காப்பி போட ஆரம்பித்தேன். அவ்வளவு பொறுக்கிக்கொண்டு வருகிறவளுக்கு வேறென்ன செய்வது?

ஆனியில் காற்றுத் திரும்பியது. அப்பாடா என்று இருந்தேன். இப்போது தெருப்பக்கத்திலிருந்து அடித்தது. அவள் வீட்டுப் பொருளெல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. கோழி இறகு, வலைத் துண்டு, ரேஷன் பை, ஒருநாள் அவள் புருஷனுடைய பனியன். எங்களுடையது கடலுக்குப் போனது. இவருடைய வேட்டி ஒன்று இலங்கைப் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

"கொஞ்சம் கதவைச் சாத்தி வைங்களேன்" என்றால் கேட்க மாட்டார். "கடலைப் பாக்கத்தான் வந்தோம், கதவைப் பாக்கவா?" என்பார். அந்தக் கடலும் ஒன்றும் பிரமாதமில்லை. அலையே கிடையாது. நம் ஊருணி மாதிரி சும்மா கிடக்கும். எனக்கோ காரைக்குடிச் சந்தை, கோயில் வாசலில் என்னோடு வம்பளக்கும் தோழிகள், சாயங்காலம் சூடாகக் கிடைக்கும் வடை எல்லாம் நினைப்பில் வந்துகொண்டே இருந்தன. தை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய "வேண்டாம்" எப்போதும் நாக்கு நுனியிலேயே நின்றது.

கெடு முடிகிற அந்தத் தையில்தான் அவருக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி வந்தது. காரைக்குடியில் வைக்கலாம் என்று எல்லாரும் சொல்ல, இவர் ஒரே பிடியாக, இந்த வீட்டில்தான் சாப்பாடு என்றார். எனக்குப் புரிந்தது. சொந்தக்காரர்களைக் கடலுக்கு எதிரே உட்கார வைத்து இலை போட்டுவிட்டால், குறிப்பாக அக்காவின் வாயிலிருந்து ஒரு "நல்லாருக்கு" வாங்கிவிட்டால், நான் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு. "விசேஷம் நல்லபடியா நடக்கலைன்னா நீ சொல்லவே வேணாம், நானே பூட்டிட்டு வந்துர்றேன்" என்று வீராப்பாக வேறு சொல்லிவிட்டார். நான் மனசுக்குள் கொண்டல் காற்றை வேண்டிக்கொண்டேன். கடலிலிருந்து வரும் அந்தக் காற்று தையில் யாருக்கும் அடங்காது.

ஹோமத்தைக் காலையில் கோயிலில் முடித்துக்கொண்டு வேனிலும் காரிலுமாக எல்லாரும் வந்து இறங்கினார்கள். நாத்தனார் இறங்கியதும் ஒருதடவை கடலைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். இவர் முகம் சுண்டிப்போனது.

கூடத்தில் முதல் பந்தி உட்கார்ந்தது. கடல் தெரியும்படி நாத்தனாருக்கு நடு இடம். இலை போட்டார்கள். தண்ணீர் தெளிப்பதற்குள் முதல் இலை எழுந்து நின்றது. அடுத்தது நாத்தனார் மடியில் கவிழ்ந்தது. மூன்றாவது இலை சமையல்காரர் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ள, அவர் கையிலிருந்த உப்பு முழுவதும் என் சம்பந்தி தலையில். பருப்பு வைத்துப் பார்த்தார்கள், பருப்போடு பறந்தது. ஆளாளுக்கு இரண்டு கையாலும் இலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் எந்தக் கையால் சாப்பிடுவது? தெருப்பக்கமிருந்து கருவாட்டுக்காரியின் குரல் கேட்டது: "ஆச்சி! எலையெல்லாம் இங்குட்டு வருது!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வருஷம் முழுக்கக் காத்திருந்தது கண் முன்னால் நடக்கிறது, வேண்டாம் என்றுகூட நான் சொல்ல வேண்டியதில்லை.

நாத்தனார் சத்தம் போட்டார். "கதவை அடைடா தம்பி! விசேஷ வீட்டுல வாசலை அடைக்கிற கொடுமையும் நம்மளுக்கு எழுதியிருக்கு."

 இவர் பட்டு வேட்டி சரசரக்க முன்வாசலுக்குப் போனார். கதவில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து பார்க்க, கடையை மூடின அன்றைக்கு ஷட்டரைக் கீழே இழுத்தாரே, அந்த முதுகு.   இந்த மனுஷன் வாழ்க்கையில் கேட்டது இது ஒன்றுதான்.

"இருங்க, அடைக்காதீக" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினேன்.

மகளையும் மருமகளையும் கூப்பிட்டு அள்ளி அள்ளிக் கொடுத்தேன். ஒவ்வொரு இலைக்கும் மூலைக்கு ஒரு கிண்ணம். கனமான வெண்கலக் கிண்ணம், அசைய முடியாது. அப்பளத்துக்கு மேல் ஒரு கும்பாவைக் கவிழ்த்து, வேண்டும்போது தூக்கி ஒரு விள்ளல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பாயசம் செம்பில். முதல் பந்திக்கும் கண்டது, இரண்டாம் பந்திக்கும் கண்டது, அப்புறமும் அறையில் மிச்சம் இருந்தது.

நாத்தனார் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்த என் எழுத்தை விரலால் தடவினார். "கல்யாணத்தன்னைக்குப் பரப்புனப்பப் பாத்தது. ஒங்க அப்பச்சி பாத்துப் பாத்துச் செஞ்ச சாமான் ஆத்தா இது. இதுல சாப்பிட இத்தனை வருஷமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் பெற்ற அப்பச்சி கடை கடையாக ஏறி எடுத்துக் கொடுத்தது. ஒரு மனுஷர் அதில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கடலைப் பார்க்க வந்தவர்கள் கடைசி வரை என் சாமானைத்தான் பார்த்தார்கள். இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மோர் ஊற்றும்போது நாத்தனார் முந்தானையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு, "காத்து நல்லாத்தான்டா இருக்கு தம்பி. தேவகோட்டையில ரெண்டு ஃபேன் போட்டும் வேர்க்குது" என்றார். அது போதும் அவருக்கு. இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார், சர்க்கரையை மறந்து.

எல்லாரும் கிளம்பிப்போன சாயங்காலம், கழுவின சாமானைக் கூடம் முழுக்கப் பரப்பிக் காயவைத்திருந்தேன். கல்யாணத்துக்கப்புறம் அவ்வளவையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான். இவர் நடுவில் கால் வைக்க இடம் பார்த்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கெடு முடிஞ்சிருச்சு. நான் வாக்கு மாற மாட்டேன். காரைக்குடிக்குப் போயிருவமா? சொல்லு."

நாக்கு நுனியில் ஒரு வருஷமாக இருந்ததைத் தேடினேன். அதற்குள் பின்வாசலில் குரல் கேட்டது. கருவாட்டுக்காரி கையில் கூடையில்லாமல், ஒரே ஒரு சின்னக் கிண்ணத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நின்றாள்.

"ஆச்சி, இது உருண்டு தெருவுக்கே வந்துருச்சு. ஒங்க எழுத்துப் போட்டிருக்கு. நசுங்கல, நல்லாப் பாத்துட்டேன்."

நீட்டினாள். வாங்கக் கை நீட்டியவள், அப்படியே நிறுத்தினேன்.

"ஒன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு மீன் கொழம்பு வச்சா அதுல ஊத்திக் கொண்டா" என்றேன். "நான் திருப்பிக் கொடுக்கையில வெறுங்கிண்ணமாக் கொடுக்க மாட்டேன்."

அவள் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாளைக்குப் பாறை மீன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்ப்படியாளுக்குக் கொடுக்காத சாமான் என்பது அவருக்குத் தெரியும். மறுபடி கேட்கவில்லை. எழுந்து, பாத்திரங்களுக்கு நடுவே வழி பார்த்துப் போய், முன்வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டது சரியாக விழவில்லை. அது என் தலைக்கு மேலாகப் போய்ப் பின்வாசலைத் தாண்டியது.

நான் எடுக்கப் போகவில்லை. எப்படியும் நாளைக்குக் குழம்போடு சேர்த்துக் கொண்டுவருவாள்.