வேளை தவறி ஒலித்த மைக்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. பழவேற்காடு ஏரியில் பசியாவரத்தைத் தாண்டி ஒரு சின்னத் தீவுக் கிராமத்தில் அப்போது நான் இருந்தேன்.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு உப்பளம், லாரி கிளீனர், ஓட்டலில் மேசை துடைப்பது என்று சோறு கிடைத்த இடத்தில் இருந்தேன். ஓர் ஊரில் ஆறு மாதம் தாண்டினால் கால் நிற்காது. இந்தத் தீவுக்கு மீன் கூடை தூக்கத்தான் வந்தேன். தடுமாறாமல் படிப்பேன் என்று தெரிந்ததும், மீனவர் சங்கத்து மைக்கில் அறிவிப்பு வாசிக்கும் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள்.

சங்கக் கொட்டகைக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் இருந்தது. லாரி பேட்டரியில் ஓடும். அந்த ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. மீன் விழும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்தப் பாடு எந்த நாளில் யாருக்கு என்று முறை வைத்திருந்தார்கள். மறுநாள் முறையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசிக்க வேண்டும். கூடவே ரேடியோவில் சொன்ன வானிலை. அவ்வளவுதான் வேலை.

சங்கச் செயலாளருக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எல்லாருக்கும் வேண்டியதுன்னா மைக்கு. ஒருத்தருக்கு வேண்டியதுன்னா போய் சொல்லிக்கோ. சாயங்காலம் தவிர வேற வேளைல என்னைக் கேக்காம கை வெக்காதே." தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

அன்று காலை மீன் வியாபாரி ஒருவர் எனக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் போனால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஒருவனுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

என்னை அக்கரையில் விடுவதாகச் சொல்லியிருந்த தோணிக்காரர் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தார். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். ஆனால் எனக்குக் கழி குத்தித் தோணி விடத் தெரியாது. யாரையாவது கெஞ்சி அனுப்பினால் அரைமணி நேரம் போய்விடும். செயலாளர் பழவேற்காட்டுக்குப் போயிருந்தார். மைக் பக்கத்தில் இருந்தது. போட்டேன். தோணிக்காரரின் பெயரைச் சொல்லி, உடனே கரைக்கு வரவேண்டும் என்றேன். எதற்கென்று சொல்லவில்லை.

வெளியே வருவதற்குள் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். "யாரு? எந்த வூட்ல?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வேளை தவறி மைக் கேட்டால் ஊரில் சாவு என்று அர்த்தமாம். தோணிக்காரரின் மனைவி வாயில் அடித்துக்கொண்டு வந்தார். அவருடைய மாமியார் பின்னாலேயே வந்து, "நான் கெடக்கறேன்டி கல்லு மாதிரி, யாருக்குடி அழுவுற?" என்று அதட்டினார்.

சரி செய்துவிடலாம் என்று உள்ளே ஓடி மறுபடியும் மைக்கைப் போட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை, என் சொந்த வேலைக்காகக் கூப்பிட்டேன், யாரும் வரவேண்டாம், மன்னிக்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னேன்.

வெளியே வந்தபோது பெண்கள் அங்கேயே நின்றார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தார். அவருடைய கணவரும் கணவரின் தம்பியும் அன்று கடைசிப் பாடான, கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் இருந்தார்கள்.

"ரெண்டாம் வாட்டி ஏன்யா போட்ட?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான்மா."

"நீ சொன்னது இங்க நிக்கிற எங்களுக்குக் கேட்டுது. அம்மாந் தூரத்துல பேச்சு கேக்குமா? சத்தம்தான் வரும். ஒரு வாட்டி வந்தா சாவு. வலைய எடுத்துக்கினு வருவாங்க. திருப்பி வந்தா புயலு. வலைய அறுத்துட்டு ஓடியாருவாங்க."

ஐப்பசி வானம். கிழக்கே கருப்பாக மேகம் வேறு நின்றது. புயல் என்று யாரானாலும் நம்புவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் தோணிகளின் பாய்கள் ஒவ்வொன்றாக ஏறின.

"இன்னொரு வாட்டி சொல்லிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"போடு, போடு. மூணாம் வாட்டி போட்டியானா ஏரில கீற மீனும் கரையேறிடும்."

தோணிகள் வந்து சேர்ந்தன. இறங்கியவர்கள் என்னைப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். தோணிக்காரர் தன் தாய் நிற்பதைக் கண்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், "எளாவூருக்கா? இதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உச்சிவெயில் சாய்ந்தது. எல்லாத் தோணிகளும் வந்துவிட்டன. முகத்துவாரத்துத் தோணி மட்டும் வரவில்லை. தண்ணீர் கடல் பக்கம் இழுக்கிற நேரம் அது. அவசரத்தில் மணல்திட்டுக்குக் குறுக்கே வந்தால் அலை புரட்டிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். தோணிக்காரர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். "நீ வாணாம், பாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் அழவில்லை, திட்டவுமில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முந்தானை நுனியைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பட்டினி, அடி, ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் என்று எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் அவை எனக்கு நடந்தவை. என்னால் இன்னொருவருக்கு நடந்தது இதுதான் முதல் தடவை. அன்று எனக்குப் பசிக்கவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

நாலு மணி இருக்கும், தெற்கே ஒரு பாய் தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இன்னொரு தோணியை இழுத்து வந்தார்கள். பாதிக்குத் தண்ணீர். அந்தப் பெண் எழுந்து தலைகளை எண்ணினார். நானும் எண்ணினேன். நாலு.

திட்டில் ஏறித் தோணி சாய்ந்துவிட்டதாம். அவசரமாக வலையை அறுத்ததில் தம்பியின் உள்ளங்கை கிழிந்து, லுங்கித் துணியால் சுற்றியிருந்தது. வலை போய்விட்டது. அண்ணன் இறங்கி வானத்தைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார்.

"இன்னா, புயலா?"

"புயலும் இல்ல, சாவும் இல்ல. இவருக்கு எளாவூர்ல வேலையாம்."

அவர் என் பக்கம் திரும்பி, "வேலை கெடச்சுதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் போகவில்லை என்றேன்.

செயலாளர் திரும்பி வந்ததும் எல்லாம் சொன்னேன். மைக்கில் ஊராரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"மைக்ல கேட்டா உனக்குத்தான் சொகம். வூடு வூடா போய்க் கேளு."

போனேன். சிலர் கதவடைத்தார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். தோணிக்காரரின் தாய், "என்னைச் சாவடிச்ச புள்ள வந்துகீறான், தண்ணி குடுங்க" என்று சிரித்தார். கடைசியாகக் கை கிழிந்தவன் வீட்டுக்குப் போனேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்த விடு. நாளைக்குக் கடைசிப் பாடு யாருக்கு?" என்று கேட்டான்.

அந்த மைக்கை இனித் தொடமாட்டேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "இன்னிக்கு நீ ஒதுங்கினா மைக்கே பொய்யின்னு ஆயிடும். அதே கொரல் சரியா வாசிச்சாத்தான் ஜனம் மறுபடி நம்பும். நெஜமாவே புயல் வர்ற அன்னிக்கு ஒருத்தனும் திரும்ப மாட்டான். நீயே வாசி."

ஆறு மணி தாண்டியிருந்தது. நானே வாசித்தேன். நாலு பாடு, நாலு பெயர், ரேடியோ சொன்ன வானிலை. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும், வாசித்த முறைப்படியே தோணிகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை ஆகிவிட்டது. ஆனால் பத்துப் பேருக்குக் கேட்கும்படி வாயைத் திறக்கும்போதெல்லாம், என் சொல் எட்டாமல் சத்தம் மட்டும் எட்டுகிற தூரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இன்றும் ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.