இடது சிக்னலும் புதுப் பெயிண்டும்

இல்லை, பல்பில் கோளாறில்லை. மூன்று புது பல்ப் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

என் பழைய காரில் இடது சிக்னல் போட்டால் சிக்னல் எரியவில்லை. பக்கத்திலிருக்கும் சிவப்பு விளக்குதான் மங்கலாகக் கண் சிமிட்டியது. நாளை அக்கா கல்யாணப் பெண்ணாகத் தேவாலயத்துக்குப் போக வேண்டியது இந்தக் காரில்தான்.

அக்கா காரின் பின்னால் நின்று பார்த்தாள். "அலமாக்! ஒரு பக்கம் மட்டும் கிறிஸ்மஸ் வந்திருச்சு. நான் பஸ்லயே போயிடவா?"

தம்போயில் கார் வயரிங் வேலை செய்யும் மணி அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எர்த் வயர் பாடியில புடிக்கலம்மா. போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இருக்கா?"

"இருக்குண்ணே. போன வாரம்தான் நானே அடிச்சு முடிச்சேன். ஒரு இடம் விடல."

"அதான் லா! அந்த எடத்த விட்டிருக்கணும். கரண்டு திரும்பிப் போக வெறும் தகரம் வேணும். சுரண்டும்மா."

பார்த்துப் பார்த்துப் பூசிய நீலம். கை வரவில்லை.

அக்கா நகம் தேய்க்கும் அரத்தை நீட்டினாள். "சுரண்டுடி. நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க, உன் பெயிண்ட இல்ல."

ஒரு காசளவு சுரண்டினேன். தகரம் தெரிந்ததும் வயரை வைத்து போல்ட்டை முடுக்கினேன்.

டிக், டிக், டிக். நல்ல மஞ்சள் வெளிச்சம்.

அக்கா தெருவிலேயே ஆடினாள். நானும் ஆடினேன்.

அதிகமாக அழகுபடுத்தியே கெடுத்த பொருள் உங்களிடமும் ஒன்று இருக்கும். மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் அக்காவை ஏற்றிக்கொண்டு எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றி வந்தேன். எல்லாச் சந்திப்பிலும் இடப்பக்கமே திரும்பினேன்.