இராக்கம்மா வடித்த தண்ணீர்

இராக்கம்மாவை நான் முதலில் பார்த்தது கைப்பேசித் திரையில். பதுளையில் சிறுநீரக நோயாளிகளுக்காக ஓர் இணைய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு காணொளிப் பாடம், பாடத்தின் கடைசியில் மூன்று கேள்வி, எல்லாம் ஒரு வட்ஸ்அப் குழு வழியாக. அந்தப் பாடங்களைத் தமிழில் எழுதிக்கொடுப்பது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குழுவில் நான்கு நிமிடக் காணொளி ஒன்று வந்து விழுந்தது. தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றின் குசினி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் ஒரு பெண். "நல்லாப் பாத்துக்கங்க எல்லாரும். யாரு திருட்டுத்தனமா திங்கிறான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கமெராவைப் பார்த்து ஓர் அதட்டல். அதன் பிறகு அவர் செய்த காரியத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் நமுனுகுலப் பக்கம் பஸ் ஏறினேன். அவரும் அவருடைய மருமகளும் சொல்லக் கேட்டு எழுதியது இது.

இராக்கம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே மலைச்சரிவில் ஒரு தோட்டம், அதன் மேற்பிரிவில் ஒரே கூரையின் கீழ் ஆறு காம்பரா கொண்ட லயம், அதில் நான்காவது காம்பரா அவருடையது. பத்தொன்பது வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கியவர். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. மகன் விஜேந்திரன் கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. மருமகள் நிஷாந்தினி மாமியாரோடு இருக்கிறார். சீனி வியாதி இராக்கம்மாவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அதற்கு மாத்திரை போட்டால் போட்டது, மறந்தால் மறந்தது. மலையில் நிற்கும்போது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போன பிறகுதான் பதுளைக்குப் போனார்.

கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர் தாதி சுலோஜனா. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு வந்து எட்டு வருடம். இணைய வகுப்பை நடத்துவதும் அவர்தான்.

"அம்மா, உங்கடை சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்து பதினெட்டு வீதம்தான் வேலை செய்யுது."

"அப்படின்னா என்னாங்க மிஸ்?"

"நூறு கிலோ எடுக்க வேண்டிய இடத்திலை பதினெட்டுக் கிலோதான் எடுக்குது எண்டு வையுங்கோ."

இராக்கம்மா யோசித்தார். அவருடைய தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் விழும், முழுநாள் சம்பளம்.

"பதினெட்டுக் கிலோன்னா முழுப்பேரு போடணுமில்ல மிஸ்?"

சுலோஜனா சிரித்துவிட்டார். டாக்டர் என்னவென்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தது. அது எல்லை மீறினால் இதயம் நின்றுபோகும். மருந்தாலும் சாப்பாட்டாலும் அதை அடக்கிவைத்தால் இரத்தம் சுத்தம் செய்யும் மெசினைத் தள்ளிப்போடலாம். அடங்காவிட்டால் கையில் நரம்பை இணைத்து ஒப்பரேசன் செய்து, கிழமைக்கு மூன்று நாள் பதுளைக்கு வந்து மெசினில் படுக்க வேண்டும்.

மேற்பிரிவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம். அங்கிருந்து பஸ். இராக்கம்மா கணக்குப் பார்த்தார். மெசினில் மூன்று நாள் போனால், அலுப்பில் மற்ற மூன்று நாளும் போய்விடும். முப்பத்து மூன்று வருடம் விடாமல் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன கால் அன்றோடு நின்றுவிடும்.

"சாப்பாட்டால அடக்கிக் காட்டுறேன் மிஸ். என்னா செய்யணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அப்படித்தான் வகுப்பில் சேர்ந்தார். லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணித்தொட்டி வளைவில் ஒரு கல் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்தால்தான் போனில் இரண்டு கோடு தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாமியாரும் மருமகளும் அந்தக் கல்லுக்குப் போவார்கள். நிஷாந்தினியின் போன், இராக்கம்மாவின் பாடம். பக்கத்துக் காம்பரா கருப்பம்மாவும் பின்னாலேயே வந்துவிடுவார்.

"இராக்கி, இன்னைக்கு என்னாடி படம்?"

"மூத்திரப்பைப் படம். வா, வந்து ஒக்காரு."

கேள்விகளுக்குக் குரல் பதிவில் பதில் அனுப்ப வேண்டும். இராக்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரட்டில் பேர் கூப்பிட்டால் பதில் கொடுக்கிற மாதிரி உரக்கச் சொல்லுவார். ஒவ்வொரு வாரமும் மூன்றுக்கு மூன்று. உப்பைக் குறைக்கும் பாடத்தில் மூன்று. கருவாட்டுப் பாடத்தில் மூன்று. "நாலாங்கிளாசுல ரெண்டு வருசம் குந்தியிருந்தவ, இப்ப நூத்துக்கு நூறு வாங்குறா" என்று கருப்பம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கிண்டல்தான். இராக்கம்மாவுக்கு அது மாலை போட்ட மாதிரி இருந்தது.

நான்காவது பாடம் பொட்டாசியம். எந்தெந்தக் காய், பழம், கீரையில் அது அதிகம் என்று முதலில் படம். பிறகு சமைக்கும் முறை: கிழங்கைத் தோல் சீவுங்கள். சிறு துண்டுகளாக வெட்டுங்கள். நிறையத் தண்ணீரில் அவியுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுக் கறியாக்குங்கள். அவ்வளவுதான் பாடம்.

இராக்கம்மா அதை ஒரு விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். தனக்கென்று ஒரு சட்டி ஒதுக்கினார். வாழைப்பழம், இளநீர், பலாக்காய் எல்லாவற்றையும் விட்டார். கோயிலில் ஐயர் கொடுத்த வாழைப்பழத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக் கருப்பம்மா கையில் கொடுத்தார். உருளைக்கிழங்கோ பொன்னாங்காணியோ, பாடத்தில் சொன்னபடி அவித்து வடிக்காமல் வாயில் வைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 5.4 இருந்தது 5.8 ஆகியிருந்தது.

"இன்னும் கவனமாச் சாப்பிடுங்கோ அம்மா" என்றார் சுலோஜனா.

இராக்கம்மா இன்னும் கவனமானார். சோற்றைக் குறைத்தார். மத்தியானத்துக்கும் வடித்த கிழங்கு, இரவுக்கும் வடித்த கீரை. அடுத்த மாதம் 6.1. அன்றைக்கு அவரை வீட்டுக்கு விடவில்லை. நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்து, இரண்டு நாள் வார்டில் வைத்து, மருந்து கொடுத்து இறக்கிவிட்டுத்தான் அனுப்பினார்கள். டாக்டர் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார்: இன்னும் ஒரு மாதம் பார்ப்பது. குறையாவிட்டால் கையில் ஒப்பரேசன்.

வெளியே வரும்போது சுலோஜனா தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டார். "அம்மா, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்குத் தெரியாமல் ஏதும் சாப்பிடுறியளோ? பாடத்திலை எல்லாம் சரியாச் சொல்லுறியள். இரத்தம் வேறை கதை சொல்லுதே."

இல்லையென்று இராக்கம்மா தலையை ஆட்டினார்.

மகன் அப்படி மெதுவாகக் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து போனில் கத்தினான். "வாயக் கட்டத் தெரியாதா ஒனக்கு? அங்க மெசினுக்கு யாரு கூட்டிட்டு அலையிறது?" கருப்பம்மா தன் பங்குக்கு, "பலாக்கொட்டைய அடுப்புல பொசுக்கி ஒளிச்சுத் திங்கிறியாடி? சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நிஷாந்தினி அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்ததை இராக்கம்மா பார்த்துவிட்டார். இரண்டு நாள் மருமகளோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இராக்கம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அடியே, போன எடு."

"எதுக்கு மாமி?"

"படம் புடி. நான் ஆக்குறதுலயிருந்து திங்கிறது வரைக்கும் புடி. வகுப்புல எல்லாரும் பாக்கட்டும். எவ கள்ளின்னு தெரியட்டும்."

அப்படி எடுத்ததுதான் அந்த நாலு நிமிடக் காணொளி. அதில் இராக்கம்மா கிழங்கின் தோலைச் சீவுகிறார். துண்டு துண்டாக வெட்டுகிறார். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. கிழங்கு அவிகிறது, இன்னொரு பக்கம் கீரை அவிகிறது. ஓட்டைத் தட்டில் ஊற்றி வடிக்கிறார். பாடத்தில் வந்ததில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. கிழங்கை வெள்ளைக் கறியாக்கி இறக்குகிறார். பிறகு, வடித்த தண்ணீர் இருந்த சட்டியை எடுக்கிறார். ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போடுகிறார். தேசிக்காய் பிழிகிறார். பெரிய கோப்பை நிறைய ஊற்றி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கமெராவைப் பார்க்கிறார்.

"பாத்தீங்களா? உப்புக்கூடப் போடல. இதுல எங்க இருக்கு திருட்டு?"

வளைவுக்குப் போய் அனுப்பினார்கள். கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் சுலோஜனாவின் குரல் வந்தது.

"அம்மா... அந்தத் தண்ணியை நெடுக நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"ஆமாங்க மிஸ். ரெண்டு நேரமும். பின்ன, கொட்டவா சொல்றீங்க?"

"ஐயோ அம்மா, பொட்டாசியம் முழுக்க அந்தத் தண்ணிக்குள்ளைதான் இருக்கு. கிழங்கிலையிருந்து அதுக்குள்ளை இறங்கட்டும் எண்டுதானே அவிக்கச் சொன்னனாங்கள்."

விஜேந்திரன் வயிற்றில் இருந்தபோது இரத்தம் போதாது என்று பிள்ளைப்பேறு பார்க்கும் தோட்டத்து மிட்வைப் நோனா சொன்னது இராக்கம்மாவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. கீரை அவித்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இறங்குகிறது. அன்றிலிருந்து கொட்டியதில்லை. லயத்தில் யாருமே கொட்டுவதில்லை. பீலியிலிருந்து அறுபது படி ஏறித் தூக்கி வந்த தண்ணீர், வேலை முடிந்த பிறகு பொறுக்கி வந்த விறகு. வடித்ததைச் சாக்கடைக் கானில் ஊற்றுகிறவளை மருமகளாக எடுத்த வீடு உருப்படாது என்பார்கள்.

அதற்குள் குழுவில் இன்னொரு குரல் வந்தது. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழகையா என்ற பெரியவர். "மிஸ், நானும் குடிக்கிறேங்க. எனக்குக் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுவாங்க." அடுத்து ஒரு பெண். "நாங்க அதுல ரசம் வைக்கிறதுங்க." பொழுது சாய்வதற்குள் ஏழு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குழுவில் இருந்ததே இருபத்து மூன்று பேர்தான்.

முதலில் சிரித்தது, பின்னாலேயே வந்திருந்த கருப்பம்மாதான். "ரெண்டு மாசமா வெசத்துக்கு மிளகு போட்டுக் குடிச்சிருக்கா. இதுல நூத்துக்கு நூறு வேற!"

இராக்கம்மா சிரிக்கவில்லை. போனை வாயருகே பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மிஸ், பாடத்துல வடிக்கத்தானே சொன்னாங்க. கொட்டச் சொல்லலியே?"

சுலோஜனாவின் பதில் வந்தது. "இல்லை அம்மா. சொல்லேல்லை. பிழை எங்கடை."

பிழை என்னுடையது. அந்த வரியை எழுதியவன் நான். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று ஊரில் பேர் எடுத்தவன். எங்கள் அம்மாவும் அந்தத் தண்ணீரைக் கொட்டியதில்லை. எழுதும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை.

அடுத்த வாரம் நான்காவது பாடத்தைத் திரும்ப எடுக்க மேற்பிரிவுக்குப் போனோம். இராக்கம்மாவின் குசினி, இராக்கம்மாவின் சட்டி. எல்லாம் சரியாக நடந்தது, கொட்டும் இடம் வந்ததும் சட்டியோடு நின்றுவிட்டார்.

"என்னாங்கம்மா?" என்றேன்.

"கை வரமாட்டேங்குது தம்பி. அதோட கொதிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்தக்கூடாது. புழு பூச்சி சாகும்."

ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தோம். நிஷாந்தினி தேத்தண்ணி போட்டார். ஆறிய பிறகு, காம்பராவுக்குப் பின்னால் இருந்த கொச்சிக்காய்ச் செடிகளின் தூரில் சட்டியைக் கவிழ்த்தார். அப்போது அவர் சொன்னதை அப்படியே பாடத்தில் வைத்துவிட்டோம்: "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. ரசமும் வைக்காதீங்க. மனசு வராது, எனக்கும் வரல. செடிக்கு ஊத்துங்க. அது பொழச்சுக்கும்." கேள்விகள் மூன்றிலிருந்து நான்காயின. நான்காவது கேள்வி: வடித்த தண்ணீரை என்ன செய்வீர்கள்?

அந்த மாதம் இரத்தம் எடுத்தபோது பொட்டாசியம் 5.1. டாக்டர் கொப்பியில் ஒப்பரேசன் என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டினார். சுலோஜனா கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது இராக்கம்மா கேட்டார்.

"கிலோ எத்தனங்க மிஸ் இப்ப?"

"பதினேழு, அம்மா."

"ஒரு கிலோ கொறைஞ்சிருச்சு. அப்ப அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டே கொப்பியை உறையில் போட்டார். வெளியே வந்து மகனுக்குப் போன் எடுத்தார். என்ன பேசினார் என்று நிஷாந்தினி எனக்குச் சொல்லவில்லை. "நல்லாக் குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. இராக்கம்மா இப்போது கிழமையில் நான்கு நாள் மலைக்குப் போகிறார். ஒரு நாள் மெசினுக்குப் போகத்தான் வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவருக்கும் அது தெரியும். இதுவரை போகவில்லை. கடைசியாக எடுத்த பொட்டாசியம் 4.9, சிறுநீரகம் பதினாறு வீதம். புதிதாக வகுப்பில் சேரும் தோட்டத்து ஆட்களுக்கு நான்காவது பாடத்தைக் குரல் பதிவில் விளக்குவது இப்போது அவர்தான். அடுத்த கிளினிக் பெப்ரவரியில்.