அடுப்படிக்கு வந்த கருங்கல்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் யாரும் பிடோக்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் அடுப்படி போட்டுப் பார்த்ததில்லை. தேக்காவில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடும்பம் நடத்திச் சேர்த்த பணமும், எங்கள் இருவர் சேமநிதியும் சேர்ந்துதான் அந்தப் பழைய மூவறை வீட்டைக் கடனில்லாமல் வாங்கினோம். முன்பு இருந்தவர்கள் சமையலறை மேடையைக்கூடப் பெயர்த்துப் போயிருந்தார்கள். சாவி வந்தபோது எங்கள் கையும் காலி, வீடும் காலி.

சாயத்தை நாங்களே அடித்தோம். பழைய தரைமேல் நாங்களே வினைல் ஒட்டினோம். அடுப்படியில்தான் முட்டிக்கொண்டு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக நாள் குறித்து, உறவுகளையும் அழைத்தாகிவிட்டது. மேடைக்காகப் பலகையில் சட்டம் அடித்து வைத்திருந்தார் கணவர். அதன்மேல் போட ஒன்றுமில்லை.

"சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி நாளத் தள்ளி வெச்சுட்டு ரெனவேஷன் லோன் எடுத்துருவேன். எல்லாரும்தான் எடுக்குறாங்க லா," என்றார்.

எல்லாரும் எடுக்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்பவாங்கில் நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு நண்பருக்காக வட்டிக்காரனிடம் கடன் வாங்கிக் கொடுத்தார். நண்பர் கம்பி நீட்டிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் அம்மா மின்விசிறியை நிறுத்துவார். ஆள் இல்லாத வீடுபோல எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் காலையில் வட்டிக்காரனின் ஆட்கள் கதவு முழுக்கச் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தேய்த்த கைகள் இவை. வங்கி வேறு, வட்டிக்காரன் வேறு என்று இவர் நூறு தடவை விளக்கியிருக்கிறார். என் புத்திக்குப் புரிகிறது, வயிற்றுக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேக்காவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் புரோட்டாக் கடையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. மாவு வீச அங்கே நீளமாக ஒரு கருங்கல் மேடை உண்டு. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஒடச்சுதாம்மா போடப்போறோம். தூக்க முடிஞ்சா எடுத்துக்கங்க," என்றார் கடைக்கார பாய்.

சனிக்கிழமை மதியம் கொழுந்தனாரின் லாரியில் கல் எங்கள் புளோக்குக்கு வந்து சேர்ந்தது. மின்தூக்கிக்குள் அது நேராக நிற்கவில்லை. கணவரும் அவர் தம்பியும் மூலைக்கு மூலை சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எட்டாவது மாடியில் கதவு மூடிவிடாமல் முதுகைக் கொடுத்து நின்றேன். மணி விடாமல் கத்தியது. கல்லின் கீழ்முனை தரைக்கும் மின்தூக்கிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது.

"இழுக்காதடா, தூக்கு! தூக்குடா!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார் கணவர்.

படீரென்று ஒரு சத்தம். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து, "அலாமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. "லோன் எடுத்துருங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ நானும் போடறேன்," என்றேன்.

கணவர் கல்லருகே குனிந்தார். உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். அளவு நாடாவை எடுத்து ஒரு துண்டை அளந்தார், மற்றதையும் அளந்தார். கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு லா," என்றார் கணவர் கடைசியில். "கதவத் தேய்ச்ச கதைய எத்தன வாட்டி சொல்லிருக்க? இப்பப் போயி கையெழுத்துப் போடறாளாம். ஒண்ணு அடுப்புக்கு, இன்னொண்ணு சிங்க்குக்கு. மூலையில சேத்துட்டா போச்சு."

இத்தனை நாளும் லோன் லோன் என்று என் உயிரை எடுத்த மனுஷன்!

ஐந்து மணிக்குள் சத்தத்தை நிறுத்திவிடுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தோம். தம்பி விளிம்பை அறுக்க, அண்ணன் சட்டத்தைப் பிரித்து மறுபடி அடிக்க, நான் கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறி விரட்டிக்கொண்டிருந்தேன். கடைசி அறுப்பு முடிந்தபோது ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மூவர் தலையிலும் வெள்ளையாகத் தூசி.

மறுநாள் காலை பால் பொங்கி, கல்லில் வழிந்து, இரண்டு துண்டும் சேரும் கோடுவரை ஓடியது. மாமியார் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

என் கை தானாக மின்விசிறி சுவிட்சுக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு நடுவில் கணவர் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

கையை இறக்கினேன். யாரென்று துவாரம் வழியே பார்க்காமல் போய்க் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா தட்டு நிறைய குவே பலகாரம் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஸ்டோன் ஓகே ஆ?" என்று கேட்டார்.

"ஓகே, ஓகே, கம் இன்," என்று கதவை அகலத் திறந்துவிட்டேன். அன்று மாலைவரை அதை மூடவே இல்லை.