ஜிம்மிக்கு மூன்று தம்பிலி

இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஜிம்மி ஒவ்வொரு லைட் போஸ்டுக்கும் காலைத் தூக்கினான். ஒன்றிலும் ஒரு சொட்டு வரவில்லை.

ஜிம்மி எங்கள் வீட்டு நாய். ஆறு வயது. என் கணவரைவிடச் சொல் கேட்பவன்.

"சூடு பிடிச்சிட்டுது," என்றேன். கொழும்பில் யாருக்குச் சிறுநீர் எரிந்து சலக்கடுப்பு வந்தாலும் நாங்கள் சொல்லும் மருந்து ஒன்றுதானே — தம்பிலி! காலி வீதியில் மூன்று செவ்விளநீர் வெட்டுவித்து வந்து ஊற்றினேன். பாவம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவ்வளவையும் குடித்தான். எனக்கு ஒரே பெருமை.

மத்தியானம் வயிறு புடைத்துவிட்டது. முனகினான், வாந்தி எடுத்தான். பிறகு முனகவும் இல்லை... நானும் கணவரும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

மிருக வைத்தியர் கொட்டாஞ்சேனைப் பெண். முப்பது வயதுகூட இராது. ஜிம்மியின் அடிவயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடைசியா எப்ப சலம் போனது?"

"நேற்றுப் பின்னேரம்."

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். எத்தனை என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"அக்கா, வெளியால போற வழி அடைச்சிருக்கு. நீங்க உள்ளுக்கு ஊத்தியிருக்கிறீங்க. இன்னும் பிந்தியிருந்தா சலப்பை வெடிச்சிருக்கும்."

அவர் கோபிக்காமல் சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

எக்ஸ்ரே எடுத்தார். ஆண் நாய்க்கு அந்த உறுப்புக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம். அந்த இடத்தில் சலக்குழாய் விரிய வழியில்லை. சரியாக அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி. கல். உளுந்தளவுகூட இல்லை. இதுவா என் பதினெட்டுக் கிலோ ஜிம்மியைச் சாய்த்தது?

மயக்க ஊசி போட்டார். வயிற்றினூடே ஊசி ஏற்றிக் கொஞ்சம் சலத்தை இறக்கினார். பிறகு சலவழிக்குள் நூடில்ஸ் தடிப்பில் ஒரு குழாய். உப்புநீரை மெல்ல மெல்லச் செலுத்தி, கல்லை வந்த வழியே சலப்பைக்குள் தள்ளினார். சட்டென்று குழாயின் மறுமுனையில் சிவப்புக் கலந்த மஞ்சள் நீர் ஓடத் தொடங்கியது.

மூன்று பேரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கோயிலில்கூட அப்படி நின்றதில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்தார்.

ஒருநாளைக்கு எத்தனை தரம் இந்த வேலை நமக்குள் நடக்கிறது? எத்தனை கதவுகள் நம்மைக் கேளாமலே திறந்து மூடுகின்றன? யாராவது அதற்கு நன்றி சொல்லியிருக்கிறோமா? வாயில்லாத ஒரு ஜீவனின் வலியை அந்தப் பிள்ளை விரல்களாலேயே அறிந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. நான் காலை முழுக்கப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரிந்தது தம்பிலி மட்டும்தான்.

மறுநாள் சத்திரசிகிச்சை செய்து கல்லை எடுத்துவிட்டார்கள். திரும்பக் கல் வராமலிருக்க இனி அவனுக்கு வேறு சாப்பாடு.

நேற்றுக் காலை ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோவின் சில்லில் ஜிம்மி காலைத் தூக்கினான். ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மிஸ், உங்கட நாய் என்ட வீலை நனைக்குது."

"ஓம் தம்பி," என்றேன். "பாருங்கோ, எவ்வளவு நேரம் போகுது!"