ஆறு சிவந்த நாள்

சிலாபம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் போன கிழமை ஒரு பால்தேத்தண்ணி குடித்தேன். முதல் மிடறிலேயே உவர்ப்பு. பாலும் லேசாகத் திரைந்திருந்தது. கடைக்காரனோடு சண்டை பிடிக்கலாமென்று வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டேன். இந்தக் கரையில் தண்ணீர் உப்பாகிப் போனதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம். ஆற்றின் மேற்பகுதியில் ஒரு தென்னந்தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். தென்னை வைப்பதற்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். துரை கை நீட்டும் மரத்தில் சிவப்புத் துணி கட்டுவது என் உத்தியோகம். துணி கட்டிய மரம் மறுநாள் விழும். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் சப்பாத்துப் போட்டவன் நான்தான். அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது கவர்னரே நான்தான் என்று நினைப்பு. ஆற்றோரமாக மட்டும் எத்தனை பாலை மரத்துக்குத் துணி கட்டினேன் என்று இப்போது ஞாபகமில்லை.

என் அக்கா திரேசா வாழ்க்கைப்பட்டிருந்தது அதே ஆற்றின் முகத்துவாரத்தில். வரைபடத்தில் அதற்கொரு சிங்களப் பெயர் உண்டு. எங்களுக்கு அது வெறும் ஆறு. வெயில் காலத்தில் கடல் மண்ணைத் தள்ளி அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரை நம்பித்தான் கரையோர வயல்களும் கிணறுகளும் இருந்தன. மாரியில் வெள்ளம் வருமுன் அந்த மண்திட்டை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயல் மூழ்கும். முந்திக்கொண்டு வெட்டினாலோ கடல் உள்ளே வந்துவிடும். வெட்டும் நாளைச் சொல்வது அக்காவின் புருஷன் சவிரி அத்தான். அது அவர் குடும்பத்து உரிமை. அவர் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்ப்பார். செம்மண் நிறமானால் பின்னால் பெருவெள்ளம் வருகிறது என்று கணக்கு. சின்ன மழையையெல்லாம் காடே குடித்துவிடும் என்பதால், காடு இருந்தவரை அந்தக் கணக்குப் பிழைத்ததில்லை.

அந்த வருஷம், செத்தவர்களுக்குப் பூசை வைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அக்கா வீட்டுக்கு லீவில் புறப்பட்டேன். முதல்நாள் தோட்டத்தில் ஒரு மழை. அரை மணித்தியாலம் இருக்காது. மரமில்லாத மண் கரைந்து என் சப்பாத்தை நனைத்துக்கொண்டு ஆற்றுக்குள் ஓடியது. சப்பாத்துப் பழுதாகிவிட்டதே என்றுதான் கவலைப்பட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆறு சிவந்திருந்தது.

“தம்பி, மேல மழை எப்பிடி?”

“நல்ல மழை அத்தான். இந்தா, சப்பாத்தைப் பாருங்க.”

“அப்ப நாளைக்கு வெட்டத்தான் வேணும்.”

காடு போய்விட்டது அத்தான், பெய்தது சின்ன மழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. பெரிய மழையில் நனைந்து வந்தவன் என்றால் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரியும் என்று ஒரு மடத்தனம்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. நானும் வெட்டினேன். வாய் திறந்ததும் ஆறு இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் இரைச்சல் நின்றுபோனது. பின்னால் வெள்ளம் வரவில்லை. ஆறு வடிந்த இடத்துக்குக் கடல் வந்தது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் போனபோது சாண் உயர நெற்பயிரெல்லாம் கருகிக் கிடந்தது. அக்கா தேத்தண்ணியை நீட்டி, “சீனி கூடப் போட்டிருக்கன், உப்புத் தெரியாது, குடி” என்றாள். தெரிந்தது.

கோயில் முற்றத்தில் ஊர் ஆட்கள் அத்தானைச் சுற்றி நின்றார்கள்.

“ஆரைக் கேட்டு வெட்டச் சொன்னாய், சவிரி?”

“ஆரையும் கேக்கயில்ல. என்ட கண்தான் பிழைச்சுப் போச்சு.”

அவருக்குப் பின்னால், துடைத்து மினுக்கிய சப்பாத்தோடு நான் நின்றேன். வாய் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். தை மாதம் தன்னைக் கண் டாக்குத்தரிடம் கூட்டிப்போகச் சொல்லி அவர் கேட்டபோதுதான், அவர் அதை உண்மையாகவே நம்புகிறார் என்பது விளங்கியது. கூட்டிப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்குத்தர். அப்போதும் காடு போனதை நான் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு தண்ணீர் பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த வயல்கள் தென்னையாகி, இறால் குளமாகி, இப்போது இறாலும் இல்லாத வெறுங்குழிகள். அக்காவின் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு தூறலுக்கே ஆறு இப்போது சிவக்கிறது; இறங்கி நின்று பார்க்க ஆள் இல்லை. நான் சொல்ல வேண்டியதைக் கேட்கவும் ஆள் இல்லை.

“என்ன ஐயா, தேத்தண்ணி சரியில்லையா?” என்று கடைக்காரன் கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி” என்று சொல்லி, மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.